அக்கா வீட்டு பாய்லரும் ரம்ஃபோர்டு பிரபுவும்

மெக்கானிக்கல் எடுத்த எல்லோருக்கும் வீட்டில் ஒரு வேலை தானாகவே ஒதுக்கப்பட்டிருக்கும். மிக்ஸி ஓடலையா, ஃபேன் சத்தம் போடுதா, மோட்டார் தண்ணி ஏத்தலையா, நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. உங்களுக்கும் நடந்திருக்கும். எனக்குப் போன டிசம்பரில் வந்த கேள்வி கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது, இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து.

அக்காவும் மாமாவும் அங்கே ஒரு பழைய வரிசை வீடு வாங்கியிருக்காங்க. நூறு வயசு தாண்டிய செங்கல் வீடு. எட்டு மாசக் குழந்தை வேற. குளிர் ஆரம்பிச்ச நேரம் பார்த்து பாய்லர் படுத்துவிட்டது. வந்து பார்த்தவர் 35 கிலோவாட் பாய்லர் ஒன்று மாட்டிவிடலாம், ரேடியேட்டர் எல்லாம் பழசே போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஏற்கனவே கடன் வாங்கி வீடு வாங்கிய காசில் இன்னொரு பெரிய ஓட்டை. அக்கா எனக்கு போன் பண்ணி, நீ மெக்கானிக்கல் தானே, இது சரியா என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த பாய்லர் லங்காஷயர், காக்ரன் இரண்டும்தான். பரீட்சையில் கேட்டால் பத்து பாகம் குறித்துப் படம் வரைவேன். ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேணும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டு ஹீட் டிரான்ஸ்ஃபர் புத்தகத்தைத் தூசி தட்டினேன். வெப்பச்சலனம் பாடத்தைத் தேடிப்போன இடத்தில்தான் இந்த மனிதர் மாட்டினார். பெஞ்சமின் தாம்ப்சன், பிற்காலத்தில் ரம்ஃபோர்டு பிரபு. தெர்மோடைனமிக்ஸ் முதல் யூனிட்டில் பீரங்கி குடைந்தவர் என்று ஒரே வரியில் வந்து போவாரே, அவரேதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற கதையை நீங்க கேட்டே ஆகணும். மனுஷன் நல்லவரா என்று மட்டும் இப்போதே கேட்காதீங்க.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியில் வோபர்ன் என்கிற ஊரில் 1753 மார்ச் 26ஆம் தேதி பிறந்தார். அப்போது அது பிரிட்டனின் காலனி. இரண்டு வயது நிரம்பும் முன்பே அப்பா போய்விட்டார். பதின்மூன்று வயதில் சேலம் என்ற ஊரில் ஒரு வியாபாரியிடம் வேலை பழகப் போனார் (நம்ம சேலம் இல்லை, அங்கேயும் ஒரு சேலம் இருக்கு). அங்கே பட்டாசு செய்யப்போய் அது வெடித்து உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டார். பிறகு ஹார்வர்டில் நடந்த அறிவியல் வகுப்புகளைக் கேட்க, நண்பன் ஒருவனோடு ஊரிலிருந்து நடந்தே போய்வந்தார்.

பத்தொன்பது வயதில் கல்யாணம். பெண் தன்னைவிட வயதில் மிகவும் மூத்தவர், பணக்கார விதவை, பெயர் சாரா. அவர் ஊர் நியூ ஹாம்ப்ஷயரில் கான்கர்டு. அதன் பழைய பெயர் ரம்ஃபோர்டு. கல்யாணம் ஆன கையோடு காலனி கவர்னரின் நட்பு கிடைத்தது, பட்டாளத்தில் மேஜர் பதவியும் கிடைத்தது. 1774இல் சாலி என்று செல்லமாகக் கூப்பிடப்பட்ட மகள் பிறந்தாள். அதே வருஷ முடிவில், இவர் பிரிட்டிஷ்காரர்களின் ஆள் என்று சந்தேகப்பட்டு ஒரு கும்பல் வீடு தேடி வந்தது. வருவது முன்பே தெரிந்து, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் குதிரை ஏறிவிட்டார்.

கும்பல் சந்தேகப்பட்டது சரிதான். 1775இல் கண்ணுக்குத் தெரியாத மையில் அமெரிக்கப் படைகளைப் பற்றி பிரிட்டிஷ் தரப்புக்கு உளவுக் கடிதம் எழுதினார். வெளியே சாதாரணக் கடிதம், உள்ளே ரகசியம். மறு வருஷமே லண்டன் போய்ச் சேர்ந்தார். மனைவி 1792இல் இறந்தார். பதினாறு வருஷத்துக்கும் மேல் உயிரோடு இருந்த அந்தப் பெண்ணை இவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எட்டு மாசக் குழந்தையோடு குளிரில் உட்கார்ந்திருக்கும் அக்காவை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குப் புத்தகத்தை மூடிவிடலாம் போலத்தான் இருந்தது. மூடவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

லண்டனில் அரசாங்கத்தில் மளமளவென்று ஏறினார். துப்பாக்கி மருந்தில் பரிசோதனைகள் செய்து 1779இல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். போர் முடிகிற சமயத்தில் ஒரு குதிரைப்படைக்குத் தலைவராக அமெரிக்கா திரும்பி, லாங் ஐலண்டில் ஹண்டிங்டன் என்ற ஊரில் முகாம் போட்டார். ஊர்க்காரர்களின் தேவாலயத்தை இடித்து அந்த மரத்தில், அவர்களுடைய கல்லறைத் தோட்டத்திலேயே கோட்டை கட்டினார்கள். கல்லறைக் கற்களைப் பிடுங்கி ரொட்டி அடுப்புக்குத் தளமாகப் போட்டதாகவும், வெந்த ரொட்டியின் அடியில் இறந்தவர்களின் பெயர்கள் தலைகீழாகப் பதிந்து வந்ததாகவும் அந்த ஊர் மக்கள் சொல்லிவந்தார்கள். உலகத்துக்கே அடுப்பு கட்டக் கற்றுக்கொடுக்கப்போகிற ஆள் இவர்தான் என்பதை ஞாபகம் வைச்சுக்கோங்க.

அடுத்து ஜெர்மனியில் பவேரியா. அந்த நாட்டு மன்னர் கார்ல் தியோடரிடம் வேலைக்குச் சேர்ந்தார். முனிக் நகரில் பட்டாளத்தைச் சீர்திருத்தும் பொறுப்பு. வீரர்களுக்கு உடுப்பு வேணும், குறைந்த செலவில் அதிகச் சூடு தருகிற துணி எது? இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய கேள்வி தொடங்குகிறது. ஒரு கண்ணாடிக் குண்டுக்குள் தெர்மாமீட்டரை வைத்து, அதைச் சுற்றிக் கம்பளி, பட்டு, பஞ்சு, விலங்கு ரோமம் என்று ஒவ்வொன்றாக அடைத்து, எது மெதுவாகச் சூட்டை விடுகிறது என்று நேரம் குறித்துப் பார்த்தார். கிடைத்த விடை அழகானது. சூட்டைத் தடுப்பதில் நூலைவிட நூல்களுக்கு நடுவே நகர முடியாமல் மாட்டிக்கொண்ட காற்றுக்குத்தான் பெரிய பங்கு. இதற்காக 1792இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைத்தது. இன்றைக்கு அக்கா வீட்டுப் பரணில் விரிக்கச் சொல்லும் கண்ணாடிக் கம்பளி வேலை செய்வதும் இதே கணக்கில்தான்.

உடுப்பு தைக்க ஆள் வேணுமே. முனிக்கில் பிச்சைக்காரர்கள் ஏராளம். 1790 ஜனவரி 1ஆம் தேதி, பண்டிகை நாள், எல்லோரும் தெருவில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, பட்டாளத்தை விட்டு அவர்களைப் பிடித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். ஒரு தொழிற்கூடத்தில் வேலை, கூலி, சூடான சாப்பாடு, குழந்தைகளுக்குப் படிப்பு. பிடித்துக்கொண்டு போனது சரியா? இன்றைக்கு யாராவது செய்தால் நாம சும்மா இருக்க மாட்டோம். ஆனால் அவர்களுக்குச் சூடான அறையில் சாப்பாடு கிடைத்தது என்பதும் உண்மை. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் வினிகர் போட்டு நேரம் எடுத்துக் கொதிக்கவைத்த அந்தக் கஞ்சிக்கு ரம்ஃபோர்டு சூப் என்றே பெயர் வந்துவிட்டது. அதில் தண்ணீரே சத்தாக மாறுகிறது என்று அவர் நம்பினார். அது தப்பு. ஆனாலும் அத்தனை பேருக்குச் சமைக்க எவ்வளவு குறைவாக விறகு எரிக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் மூடிய அடுப்பு, காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு எல்லாம் பிறந்தன. அந்த ஊரின் பிரம்மாண்டமான ஆங்கிலத் தோட்டமும் இவர் யோசனைதான். மன்னர் பிரபு பட்டம் கொடுத்தபோது என்ன பெயர் வேணும் என்றால், மனைவியை விட்டு ஓடிவந்த ஊரின் பெயரைக் கேட்டு வாங்கினார். ரம்ஃபோர்டு. குற்ற உணர்ச்சியா, பெருமையா, இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

சலனத்துக்கு வருவோம். சூடான ரசம் இரண்டு நிமிஷத்தில் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். அதே நேரம் இறக்கிய சர்க்கரைப் பொங்கல்? மேலே ஆறின மாதிரி இருக்கும், வாயில் போட்டால் நாக்கு போச்சு. ரம்ஃபோர்டுக்கு இதே அனுபவம் கெட்டியான அரிசிச் சூப்பில் நடந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டு எல்லோரையும் போலத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாமல், ஏன் என்று யோசித்தார். இன்னொரு நாள், ஜன்னலோரம் ஆறவைத்திருந்த பெரிய சாராய தெர்மாமீட்டரில் ஏதோ அசைவதைப் பார்த்தார். உள்ளே கிடந்த தூசித் துகள்கள் நடுவில் மேலே ஏறி, ஓரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. திரவம் தானே சுற்றிச் சுற்றிச் சூட்டைச் சுமந்து செல்கிறது! கெட்டியான சூப்பில் சுற்ற முடியாது, அதனால் ஆறுவதில்லை. இதிலிருந்து ஒரு படி அதிகமாகத் தாண்டி, திரவங்களும் வாயுக்களும் சூட்டைக் கடத்தவே கடத்தாது என்றும் அடித்துச் சொன்னார். அதுவும் தப்புதான், கொஞ்சம் கடத்தும். அவரிடம் எனக்குப் பிடித்த விஷயமே, தப்பு பண்ணினாலும் பரிசோதனையை விவரமாக எழுதிவைத்ததால் பின்னால் வந்தவர்கள் திருத்திக்கொள்ள முடிந்தது என்பது.

இப்போது அக்கா வீட்டு ரேடியேட்டரைப் பாருங்க. பெயரைக் கேட்டால் கதிர்வீச்சில் சூடு தருகிற பொருள் மாதிரி இருக்கும். நிஜத்தில் அது தருவதில் பெரும்பங்கு சலனம்தான். அதன் உடம்பைத் தொட்ட காற்று சூடாகி மேலே போகும், குளிர்ந்த காற்று கீழிருந்து வரும், அறை முழுக்க ஒரு சுற்று ஓடும். முன்னால் சோபாவை ஒட்டிப் போட்டாலோ, மேலே திரைச்சீலையைத் தொங்கவிட்டாலோ அந்தச் சுற்று தடைபடும். அக்கா இரண்டையும் செய்திருந்தாள்.

பீரங்கி விஷயத்துக்கு வருகிறேன், சிலபஸில் இருப்பதால். வெப்பம் என்பது கலோரிக் என்கிற ஒரு பாய்பொருள், பொருளுக்குள் ஒளிந்திருக்கும், பிழிந்தால் வெளியே வரும் என்றுதான் அன்றைக்குப் பெரிய அறிஞர்கள் நம்பினார்கள். முனிக் ஆயுதக் கிடங்கில் பீரங்கிக் குழாய் குடையும்போது அது பயங்கரமாகச் சூடாவதை ரம்ஃபோர்டு கவனித்தார். வேண்டுமென்றே மழுங்கின குடைகருவியைப் போட்டு, உலோகத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கவைத்து, குதிரைகளை விட்டுச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லை! சுற்றிநின்று பார்த்தவர்களுக்கு வாய் பிளந்துவிட்டது, அவருக்கே சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். குதிரை நடக்கிறவரை சூடு வந்துகொண்டே இருந்தது. ஒளிந்திருக்கும் பொருள் என்றால் ஒரு கட்டத்தில் தீரணுமே? தீரவில்லை. அப்படியானால் வெப்பம் பொருள் இல்லை, ஒருவித இயக்கம். 1798இல் இதை ராயல் சொசைட்டியில் வாசித்தார். யாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஜூல் வந்து எண்ணிக்கையோடு நிரூபிக்க இன்னும் நாற்பது, ஐம்பது வருஷம் ஆனது.

அக்காவுக்கு உதவியது பீரங்கி இல்லை, புகைபோக்கி. 1795இல் லண்டன் திரும்பியவர், ஊரே புகையில் இருமுவதைப் பார்த்தார். அங்கே அறைக்கு அறை கணப்பு, மேலே ஆள் ஏறுகிற அளவுக்கு அகலப் புகைபோக்கி. எரிகிற கரியின் சூடு மட்டுமில்லாமல், அறையில் ஏற்கனவே சூடான காற்றையும் அது உறிஞ்சிக்கொண்டு போனது. அதை ஈடுகட்ட ஜன்னல் இடுக்கில் பனிக்காற்று நுழையும். முகம் வேகும், முதுகு விறைக்கும். ரம்ஃபோர்டு செய்தது ரொம்ப எளிய வேலை. புகைபோக்கியின் தொண்டையைச் சுமார் நான்கு அங்குலத்துக்குச் சுருக்கினார், அடுப்பின் ஆழத்தைக் குறைத்து முன்னால் கொண்டுவந்தார், பக்கச் சுவர்களைச் சாய்வாக்கிச் சூட்டை அறைக்குள் திருப்பினார். கொஞ்சம் செங்கல், கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு கொத்தனார் போதும். காப்புரிமையும் வாங்கவில்லை, யார் வேணும்னாலும் கட்டிக்கலாம். பணக்காரர் வீடெல்லாம் ரம்ஃபோர்டு மயம். ஜேன் ஆஸ்டின் நாவல் ஒன்றிலேயே இந்தக் கணப்பு வந்துவிட்டது. கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் 1800இல், இவர் தன் கணப்புக்கு முன்னால் கோட்டைத் தூக்கிப் பின்பக்கத்தைச் சூடேற்றிக்கொள்வதுபோல் படம் போட்டார். மீம் என்று நாம சொல்வதை அன்றே செய்திருக்காங்க.

பிராம்ப்டனில் தான் வாங்கிய வீட்டையே ஒரு மாதிரி வீடாக மாற்றிக்கொண்டார். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி, சமையலறையில் தன் அடுப்புகள். ஒரு இடத்தில் நெருப்பு, அங்கிருந்து குழாயில் நீராவியை அனுப்பி வேறு இடத்தைச் சூடாக்குவது பற்றியும் தனியாகக் கட்டுரை எழுதினார். பாய்லர் ஒரு பக்கம், ரேடியேட்டர் ஒரு பக்கம் என்கிற ஏற்பாட்டின் தாத்தா அது.

இதைப் படித்துவிட்டு அக்காவிடம் நான் முதலில் கேட்டது பாய்லரைப் பற்றியே இல்லை. வீட்டில் பழைய கணப்பு இருக்கா, புகைபோக்கி திறந்திருக்கா? இரண்டு இருக்கு, இரண்டும் திறந்திருக்கு, பெட்ரூமில் அதுவழியாகக் காற்று வருது என்றாள். அதாவது 35 கிலோவாட் வாங்கி அதில் ஒரு பங்கை லீட்ஸ் வானத்துக்கு அனுப்பப் போகிறார்கள். முதலில் அதை அடைக்கச் சொன்னேன், உள்ளே ஈரம் தங்காமலிருக்க ஒரு சின்னக் காற்றுத்துளையை மட்டும் விட்டு. பரணில் கம்பளி. அப்புறம் அறை அறையாக அளவெடுத்து, வெளியே மைனஸ் 3, உள்ளே 21 என்று வைத்துச் சுவர், ஜன்னல், கூரை, கசியும் காற்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டோம். மொத்த வீட்டுக்கும் 7 கிலோவாட்தான் வந்தது. மூன்று தடவை சரிபார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரலை.

அப்போ 35 எதற்கு? அது குளிக்கிற தண்ணீருக்கு. தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்தவுடன் சுடுதண்ணீர் தரும் காம்பி பாய்லர்கள் இப்படித்தான் பெரிதாக இருக்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டரை 5 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற ஏறக்குறைய 24 கிலோவாட் வேணும், நீங்களே போட்டுப் பாருங்க. ஒரே பாத்ரூம் உள்ள வீட்டுக்கு அது போதும். அதைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது, எவ்வளவு மேலே போகும் என்பதில்லை, எவ்வளவு கீழே இறங்கி எரியும் என்பது. குறைந்தபட்சமே 8 கிலோவாட் என்றால் மிதமான குளிர் நாளில் பாய்லர் எரியும், அணையும், எரியும், அணையும். கேஸ் வீண், பாகங்களும் தேயும்.

ரேடியேட்டர் பழசே போதும் என்றாரே, அதில்தான் பெரிய சிக்கல். இப்போதைய கண்டென்சிங் பாய்லர், புகையில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். அதனால் தண்ணீரைக் குறைந்த சூட்டில் ஓடவிடணும். ஆனால் ரேடியேட்டரில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, அதன் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகம் என்று வைத்துப் போட்டது. அது 30 ஆகக் குறைந்தால் கிடைப்பது கிட்டத்தட்டப் பாதிதான். 1500 வாட் ரேடியேட்டர் 770 வாட் தரும். ஆகவே காசைப் பாய்லரில் கொட்டாமல் ரேடியேட்டரில் போடணும். ஒற்றைப் பலகைக்குப் பதில் நடுவில் மடிப்புத் தகடு உள்ள இரட்டைப் பலகை. அந்த மடிப்புகளின் வேலை என்ன? காற்று தொடும் பரப்பை அதிகமாக்கிச் சலனத்தைக் கூட்டுவது. சாராய தெர்மாமீட்டர் தூசி இங்கே வந்து நிற்கிறது.

ரம்ஃபோர்டின் மிச்சக் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1796இல் ராயல் சொசைட்டிக்குப் பணம் கொடுத்து, வெப்பம், ஒளி ஆராய்ச்சிக்காகத் தன் பெயரில் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார். முதல் பதக்கம் யாருக்கு? அவருக்கே. 1799இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனை உருவாக்கி, ஹம்ப்ரி டேவி என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார். அதே டேவிக்கு உதவியாளராகப் பிற்பாடு உள்ளே வந்தவர்தான் ஃபாரடே. ஆனால் அங்கும் எல்லோரோடும் சண்டை. பாரிஸ் போனார்.

பாரிஸில் 1805இல் இரண்டாவது கல்யாணம், லவாய்சியேவின் விதவை மேரி ஆனோடு. கலோரிக் என்று பெயர் வைத்த கூட்டத்தின் தலைவர் லவாய்சியே. அவரைப் புரட்சி கில்லட்டினில் கொன்றது. அவர் கொள்கையைக் கொல்லப் பார்த்தவர் அவர் மனைவியைக் கட்டிக்கொண்டார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டீங்க. அந்த அம்மாவுக்கு விருந்தாளிகள் வேணும், இவருக்கு அமைதி வேணும். ஒருநாள் விருந்துக்கு வந்தவர்களை உள்ளே விடாமல் இவர் கேட்டைப் பூட்ட, அவர் கொதிக்கிற தண்ணீரை எடுத்துவந்து இவருடைய பூச்செடிகள் மேல் ஊற்றினார். வாழ்நாள் முழுக்கச் சூட்டைச் சரியான இடத்துக்கு அனுப்ப யோசித்தவருக்கு இப்படி ஒரு பதில். 1809இல் பிரிந்தார்கள்.

கடைசி வருஷங்கள் பாரிஸை ஒட்டிய ஓத்தேயில். குளிர்காலத்தில் வெள்ளை உடையில்தான் வெளியே போவார். வெள்ளை நிறம் சூட்டைக் குறைவாகக் கதிர்வீசும் என்பது அவர் கணக்கு, பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். குழந்தையாக விட்டுவிட்டு ஓடிய சாலி, வளர்ந்தபின் கடல் தாண்டி அப்பாவிடம் வந்து சில வருஷம் இருந்துவிட்டுப் போயிருந்தாள். 1811இல் மறுபடியும் வந்து அவரோடு இருந்தாள். அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கும்போது மட்டும் எனக்கு இந்த ஆள்மேல் இருக்கும் மரியாதை தடுமாறுகிறது. 1814 ஆகஸ்ட் 21ஆம் தேதி இறந்தார். தான் உளவு சொன்ன நாட்டிலிருக்கும் ஹார்வர்டுக்கு, நடந்து போய்க் கேட்ட அந்த வகுப்புகளுக்காகவோ என்னவோ, ஒரு பேராசிரியர் பதவிக்குப் பணம் எழுதிவைத்திருந்தார்.

அக்கா வீட்டில் ஜனவரி இரண்டாம் வாரம் 24 கிலோவாட் பாய்லர் மாட்டினார்கள். முன்னறை, பெட்ரூம் இரண்டுக்கும் இரட்டைப் பலகை ரேடியேட்டர், மற்ற அறைகளுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று விட்டாச்சு. தண்ணீர் 55இல் ஓடுகிறது. சோபாவை நகர்த்திப் போட்டிருக்கிறாள். வீடியோ காலில் குழந்தை ஸ்வெட்டர் இல்லாமல் தவழ்ந்துகொண்டிருந்தான். இந்தக் கதையை அக்காவிடம் சொன்னபோது, பாய்லர் பகுதியை அரைகுறையாகத்தான் கேட்டாள். அந்த சாரா அப்புறம் என்ன ஆனாள் என்று இரண்டு தடவை கேட்டாள்.